கரண்ட், கேஸ் விலை ஏறினா தொழில்களுக்கு அரசு உதவி: யாருக்கு, எப்படி குடுத்தா நியாயம்?

சங்கச்செயலர்

வணக்கம் எல்லாருக்கும். சின்னதும் நடுத்தரமுமா தொழில் பண்றவங்க சேர்ந்திருக்கற ஒரு சங்கத்துக்கு நான் செயலாளரா இருக்கேன். கரண்ட், கேஸ் விலை திடீர்னு எகிறும்போது அரசு தொழில்களுக்கு எப்படி கை கொடுக்கணும்னு ஒரு யோசனைக் குறிப்பு தயார் பண்ணச் சொல்லியிருக்காங்க, உக்காந்து எழுத ஆரம்பிச்சா ஒவ்வொரு வரியிலயும் ஒரு சண்டை நிக்குது.

கூட்டத்துல முக்காவாசிப் பேர் சொல்றது ஒண்ணுதான், யூனிட்டுக்கு இவ்வளவுன்னு குறைச்சுக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. கேக்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா யூனிட் கணக்குல குடுத்தா அதிகமா எரிக்கறவங்களுக்குத்தான் அதிகப் பணம் போகும், போன வருஷமே சொந்தக் காசு போட்டு பழைய மோட்டாரை மாத்தி பாய்லர் லைனுக்கெல்லாம் இன்சுலேஷன் சுத்தி யூனிட்டைக் குறைச்சவருக்குக் கம்மியாத்தான் வரும். அவர் கூட்டத்துலயே எந்திரிச்சு இதைக் கேட்டார், யாராலயும் பதில் சொல்ல முடியல.

இன்னொரு பக்கம் பெரிய ஆலைக்காரங்க நாங்க மூடினா இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை போகும்னு சொல்லி முதல் வரிசைல நின்னுடறாங்க. சின்னவங்க ஒவ்வொருத்தரா சத்தமே இல்லாம மூடிட்டுப் போறாங்க, அது கணக்குலயே வர்றதில்ல.

நிஜமா எங்கயாவது செஞ்சு பார்த்த முறை இருந்தா சொல்லுங்க, எது ஓடுச்சு எது ஓடலன்னு. பொதுவா "தகுதியானவங்களுக்குக் குடுக்கணும்"னு எழுதறது எனக்கும் தெரியும், அந்தத் தகுதியை எதை வெச்சு அளக்கறதுன்னுதான் கேக்கறேன்.

---

பில்கணக்கு

சார், உங்க கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டாரே, அவர் கேட்டதுதான் இதுல மூலக் கேள்வி. அதுக்கு ஒரு பதில் இருக்கு, 2023ல ஜெர்மனி செஞ்சதைப் பாருங்க.

அங்க கரண்ட் விலைக்கு ஒரு பிரேக் போட்டாங்க. வருஷத்துக்கு 30,000 யூனிட்டுக்கு மேல எடுக்கற தொழில்களுக்கு, பழைய உபயோகத்துல 70 சதவீதத்துக்கு மட்டும் வரி எல்லாம் சேர்க்காம யூனிட்டுக்கு 13 சென்ட்னு கணக்கு, மீதி 30 சதவீதம் அவங்க கான்ட்ராக்ட் விலைதான். வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் பழைய உபயோகத்துல 80 சதவீதம் 40 சென்ட். கேஸையும் அங்க கரண்ட் மாதிரியே யூனிட்லதான் (கிலோவாட் மணி) அளப்பாங்க, அதுக்கும் இதே மாதிரி, பெரிய தொழிலுக்கு 70 சதவீதம் 7 சென்ட், சின்னவங்களுக்கு 80 சதவீதம் 12 சென்ட். இதுல கவனிக்க வேண்டியது அந்த "பழைய உபயோகம்"ங்கற வார்த்தை. இந்த மாசம் நீங்க எவ்வளவு எரிச்சீங்கன்னு பார்த்து உதவி குடுக்கல, முன்னாடி எவ்வளவு எரிச்சீங்கன்னு பார்த்து ஒரு தொகையை ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க.

இதனால என்ன வித்தியாசம்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன், நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு கம்பெனி மாசம் 1,00,000 யூனிட் எடுக்குது, விலை 10ல இருந்து 25 ஆயிருச்சுன்னு வைங்க. அரசு யூனிட்டுக்கு 10 தள்ளுபடி குடுத்தா கம்பெனிக்கு யூனிட் 15க்குக் கிடைக்கும், அரசுக்குச் செலவு 10 லட்சம். இப்ப கம்பெனி கஷ்டப்பட்டு 20,000 யூனிட் மிச்சம் பிடிச்சா அவங்க பில்லுல குறையறது 3 லட்சம். அதுக்குப் பதிலா "உன் பழைய உபயோகத்துக்கு 10 லட்சம் உனக்கு, நீ எவ்வளவு எரிச்சாலும் அது மாறாது, எரிக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 கட்டு"ன்னு சொன்னா, அதே 20,000 யூனிட் மிச்சம் பிடிச்சா 5 லட்சம் குறையும். முழு உபயோகத்துல கம்பெனிக்குக் கிடைக்கற உதவி ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது முறைல சிக்கனம் பண்றவருக்கு அதோட முழுப் பலன் போய்ச் சேருது.

விலையே ஏன் ஏறுதுன்னும் யோசிக்கணும். கேஸ் பத்தாக்குறையால விலை ஏறும்போது எல்லாரும் கொஞ்சம் குறைச்சாத்தான் விலை இறங்கும். ஐரோப்பிய யூனியன் 2022 ஆகஸ்ட்ல இருந்து 2023 மார்ச் வரைக்கும் கேஸ் உபயோகத்தை 15 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு வெச்சதே அதனாலதான். விலையை மறைச்சு எல்லாருக்கும் சீப்பா குடுத்தா யாரும் குறைக்க மாட்டாங்க, விலை இன்னும் ஏறும், மானியமும் கூடவே ஏறும், கடைசில அந்தக் காசு கேஸ் விக்கறவங்ககிட்டதான் போய்ச் சேரும்.

---

ஃபர்னஸ்பக்கம்

பில்கணக்கு சார் சொன்னது ஏட்டளவுல சரி, ஆனா மிச்சம் பிடி மிச்சம் பிடின்னு சொல்லும்போது எல்லாத் தொழிலும் ஒரே மாதிரின்னு எடுத்துக்கறாங்க, அது எனக்கு வலிக்குது. நான் ஃபர்னஸ் பக்கத்துலயே வேலை பார்த்தவன்.

கண்ணாடி உருக்கற ஃபர்னஸை ஒரு தடவை பத்த வெச்சா பத்து பதினஞ்சு வருஷம் அணைக்காம ஓடும், ஆர்டர் இல்லன்னாலும் சூடு குறையாம வெச்சிருக்கணும், ஆற விட்டா உள்ள இருக்கற செங்கல் வெடிச்சுரும், அப்புறம் மொத்தமா இடிச்சுக் கட்டணும். அலுமினியம் அதை விட மோசம். ஒரு டன் அலுமினியம் எடுக்க 13,000ல இருந்து 15,000 யூனிட் வரைக்கும் கரண்ட் போகும், தொட்டிக்குள்ள 960 டிகிரி பக்கம் உருகி நிக்கும், நாலஞ்சு மணி நேரம் கரண்ட் போனா அப்படியே உறைஞ்சு கல்லாயிரும். அதை உடைச்சு எடுத்துத் திரும்ப ஓட்டறதுக்கு மாசக்கணக்குல ஆகும். இவங்ககிட்ட போய் 30 சதவீதத்தை நீ பார்த்துக்கோன்னு சொன்னா அதுக்கு அர்த்தம் உற்பத்தியைக் குறைன்னுதான்.

அதனால அளவுகோல் என்னன்னு கேட்டீங்கள்ல, நான் ரெண்டு கேள்வி வைப்பேன். மொத்தச் செலவுல எனர்ஜி எவ்வளவு பங்கு? ஏறின செலவை விலைல ஏத்தி வாங்கறவன் தலைல வைக்க முடியுமா முடியாதா? உள்ளூர்ல மட்டும் விக்கற தொழில்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி செலவு ஏறினா எல்லாரும் சேர்ந்து விலை ஏத்துவாங்க, கொஞ்ச நாள் கஷ்டம் இருக்கும் அப்புறம் சமாளிப்பாங்க. வெளிநாட்டுச் சரக்கோட போட்டி போடறவன் விலை ஏத்தினா ஆர்டரே போயிரும், கேஸ் சீப்பா கிடைக்கற நாட்டுக்காரன் எடுத்துட்டுப் போயிருவான்.

பிரிட்டன்ல 2023 ஏப்ரல்ல இருந்து இதையேதான் பார்த்தாங்க. எனர்ஜி பங்குல மேல இருக்கற 20 சதவீதத் துறை, அதோட ஏற்றுமதி இறக்குமதிப் பங்குல மேல இருக்கற 40 சதவீதத் துறை, ரெண்டுலயும் வர்றவங்களுக்குத் தனியா அதிக உதவி. ஐரோப்பிய யூனியன் விதில உற்பத்தி மதிப்புல எனர்ஜி வாங்கற செலவு 3 சதவீதமாவது இருந்தா எனர்ஜி அதிகம் தேவைப்படற தொழில்னு கணக்கு.

ஆனா இந்தப் பட்டியல்ல ஒரு பெரிய அநியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒவ்வொரு தொழிலுக்கும் குடுக்கற துறை எண்ணை வெச்சுப் பிரிச்சா, ஒரே சைஸ் ஃபர்னஸ், ஒரே பில், ஆனா ஒருத்தர் செய்யற பொருள் ஒரு எண்ல வருது இன்னொருத்தருது பக்கத்து எண்ல வருதுன்னு ஒருத்தருக்கு முழு உதவி இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு வெட்டாம, அந்தக் கம்பெனியோட சொந்த பில்லையும் டர்ன் ஓவரையும் பார்த்து, பங்கு கூடக் கூட உதவியும் கூடற மாதிரி சரிவா வைக்கணும். கணக்கு தாக்கல் பண்ற கம்பெனிக்கு இது முடியாத காரியம் கிடையாது.

---

சங்கச்செயலர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஃபர்னஸ்பக்கம் அண்ணா, சரிவா வைக்கறதுங்கறது எங்க யாருக்கும் தோணல, அதைக் கண்டிப்பா எழுதறேன்.

ஆனா எங்க உறுப்பினர்கள்ல நிறைய பேர் லாண்டரி, பிரிண்டிங், கோல்ட் ஸ்டோரேஜ், சின்ன ஜிம் இந்த மாதிரி. இவங்க யாரும் எந்த நாட்டோடயும் போட்டி போடல, அதனால பட்டியல்ல வரவே மாட்டாங்க. பாதிப் பேர் வாடகைக் கட்டடத்துல இருக்காங்க, கரண்ட் கனெக்‌ஷன் ஓனர் பேர்ல. இவங்களுக்கு என்ன வழி?

---

வாடகைமீட்டர்

அண்ணா, நீங்க சொன்ன ஆளுங்களுக்காகத்தான் இந்த பதில்.

பிரிட்டன் முதல்ல 2022 அக்டோபர் 1ல இருந்து 2023 மார்ச் 31 வரைக்கும் ஒரு ஆறு மாசத் திட்டம் போட்டாங்க. கடை, ஃபேக்டரி, தொண்டு நிறுவனம், ஸ்கூல், ஆஸ்பத்திரி, வீடு தவிர எல்லாருக்கும். ஹோல்சேல் விலை ஆயிரம் யூனிட்டுக்கு கரண்ட்ல 211 பவுண்டு, கேஸ்ல 75 பவுண்டுன்னு ஒரு அளவு வெச்சு, அதுக்கு மேல போறதை அரசு பார்த்துக்கிச்சு. யாரும் அப்ளிகேஷன் போட வேண்டாம், சப்ளையரே பில்லுல கழிச்சுட்டார். சின்னவங்களுக்கு அதுல இருந்த நிம்மதி பெரிசு. ஆனா தேவையே இல்லாத கொழுத்த லாபம் பார்க்கற ஆஃபீசுக்கும் அதே தள்ளுபடி போச்சு, செலவு தாங்காம அடுத்த வருஷம் 5.5 பில்லியன் பவுண்டுக்குள்ள நிறுத்திக்கறோம்னு ஒரேயடியா சுருக்கிட்டாங்க. சாதாரணக் கடைக்குக் கிடைச்சது கரண்ட்ல ஆயிரம் யூனிட்டுக்கு அதிகபட்சம் 19.61 பவுண்டு, அதுவும் ஹோல்சேல் விலை 302 பவுண்டைத் தாண்டினாத்தான்.

இதுல மாட்டினது யாருன்னா, விலை உச்சத்துல இருந்தப்ப பயந்து போய் ரெண்டு வருஷ ஃபிக்ஸட் கான்ட்ராக்ட் போட்டவங்க. மார்க்கெட்ல விலை இறங்கிருச்சு, அரசு உதவியும் இறங்கிருச்சு, இவங்க பில் மட்டும் அப்படியே நிக்குது. ஒரே தெருவுல ரெண்டு லாண்டரி, ஒரே மெஷின், ஒருத்தர் ஏறுறதுக்கு ஆறு மாசம் முன்னாடி சைன் பண்ணார், இன்னொருத்தர் உச்சத்துல சைன் பண்ணார், ரெண்டாவது ஆள் மூடற நிலைமைக்கு வந்துருவார். அவர்கிட்ட திறமை இல்லன்னு யார் சொல்ல முடியும்? உங்க குறிப்புல எந்தத் தேதில எந்த விலைக்கு கான்ட்ராக்ட்ங்கறதை ஒரு அளவுகோலாவே வையுங்க, மார்க்கெட் விலையை மட்டும் பார்த்தா இவங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க.

அயர்லாந்து வேற வழில போச்சு. முதல்ல யூனிட் விலை முந்தின வருஷத்தை விட 50 சதவீதமாவது ஏறியிருக்கணும், ஏறின தொகைல 40 சதவீதம், மாசத்துக்கு 10,000 யூரோ வரைக்கும், நாமளே ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும். பேப்பர்ல பார்த்தா இது பிரிட்டனை விட நியாயம், நிஜமாவே ஏறினவங்களுக்கு மட்டும்தான் போகுது. ஆனா எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரல, அப்புறம் 50ஐ 30 ஆக்கி, 40ஐ 50 ஆக்கி, உச்சவரம்பை 15,000 ஆக்கி விட்டாங்க. காலைல கடை திறந்து ராத்திரி பூட்டிட்டுப் போற ஆளுக்கு போன வருஷ பில்லையும் இந்த வருஷ பில்லையும் தேடி எடுத்து அப்லோட் பண்றது பெரிய வேலை, அக்கவுண்டண்ட் வெச்சிருக்கறவன் முதல் நாளே முடிச்சுருவான். என் கருத்து, சின்னவங்களுக்குத் தானா பில்லுலயே கழியணும், ஒரு அளவுக்கு மேல தொகை போனா மட்டும் விண்ணப்பம், கணக்கு, சோதனை எல்லாம் வெச்சுக்கலாம்.

வாடகை விஷயம். மீட்டர் ஓனர் பேர்ல இருந்தா தள்ளுபடி ஓனருக்குத்தான் போகும், அவர் சப் மீட்டர் பார்த்து பழைய ரேட்லயே வசூல் பண்ணிட்டு இருந்தா கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டன்ல இதுக்குன்னே ஒரு சட்ட விதி போட்டாங்க, நடுவுல இருக்கறவர் அந்தப் பலனை நியாயமான அளவுல வாடகைதாரருக்குக் கடத்தணும், எவ்வளவு கிடைச்சுதுன்னு எழுத்துல தெரிவிக்கணும். அந்த எழுத்துல தெரிவிக்கறதுதான் முக்கியம்னு நினைக்கறேன், தொகை தெரியாம யாரும் போய் கேக்க முடியாது. உங்க குறிப்புல இதை ஒரு பத்தியாவது தனியா எழுதுங்க, பெரிய சங்கங்கள் யாரும் எழுத மாட்டாங்க, அவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல.

கரண்ட், கேஸ் லைன் ரெண்டுமே இல்லாம டீசல், ஹீட்டிங் ஆயில் எரிக்கறவங்களும் இருக்காங்க. பிரிட்டன்ல அவங்களுக்குத் தனியா 150 பவுண்டு குடுத்தாங்க. தொகை போதுமாங்கறது வேற பேச்சு, கணக்குல எடுத்துக்கிட்டாங்களே.

---

வரிப்பணம்

எல்லாரும் யாருக்குக் குடுக்கறதுன்னே பேசறீங்க, யார்கிட்ட இருந்து எடுக்கறதுன்னு யாருமே தொடல. நியாயம்னு சொன்னா அதுல பாதி இங்கதான் இருக்கு.

ஒரு பெரிய ஆலைக்குக் கட்டண விலக்கு குடுத்தா அந்தக் கட்டணம் மறைஞ்சு போயிராது, மத்தவங்க பில்லுல ஏறும். ஜெர்மனில புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு கூடுதல் கட்டணம் இருந்துச்சு, எனர்ஜி அதிகம் எடுக்கற ஆலைகளுக்கு அதுல பெரிய விலக்கு, அந்தப் பங்கைச் சுமந்தது வீடுகளும் சின்னத் தொழில்களும்தான். 2022 ஜூலைல அந்தக் கட்டணத்தையே நிறுத்தி அரசு பட்ஜெட்ல இருந்து குடுக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் நேர்மையான வழின்னு சொல்வேன், பட்ஜெட்ல வந்தா இவ்வளவு பணம் இன்னாருக்குப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பில்லுக்குள்ள ஒளிஞ்சிருந்தா தெரியாது.

அதே நேரத்துல விலை ஏறினதால எதிர்பாராத லாபம் பார்த்தவங்களும் இருக்காங்க. காத்தாலை, சோலார், அணுமின் நிலையம் இவங்களுக்குச் செலவு ஏறல, ஆனா கேஸ் விலைதான் மொத்த மார்க்கெட் விலையை முடிவு பண்ணுதுன்னு அவங்களுக்கும் அதே உச்ச விலை கிடைச்சுது. ஐரோப்பிய யூனியன் 2022 டிசம்பர்ல இருந்து ஆயிரம் யூனிட்டுக்கு 180 யூரோவுக்கு மேல வர்ற வருமானத்தை எடுத்து நுகர்வோருக்குத் திருப்பி விடச் சொன்னாங்க. பிரிட்டன் எண்ணெய், கேஸ் கம்பெனிகளோட லாபத்துல 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு, 2023 ஜனவரில அதை 35 ஆக்குச்சு. உதவிக்கான பணம் முதல்ல இங்க இருந்து வரணும், இல்லன்னா இன்னைக்கு வாங்கற உதவியை நாளைக்கு வரியா நாமளே கட்டுவோம்.

பெரிய தொகை வாங்கறவங்களுக்கு நிபந்தனை வேணும். ஜெர்மனில 5 கோடி யூரோவுக்கு மேல உதவி வாங்கின கம்பெனி அந்த வருஷம் மேலதிகாரிகளுக்கு போனஸும் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் குடுக்கக் கூடாது, 20 லட்சம் யூரோவைத் தாண்டினா வேலையாட்களைத் தக்க வெச்சுக்கறதுக்கு உறுதி குடுக்கணும். நாங்க மூடினா இத்தனை பேருக்கு வேலை போகும்னு சொல்லித்தானே வாங்கறாங்க, அப்ப அந்த வேலையைக் காப்பாத்தறோம்னு எழுதிக் குடுக்கறதுல என்ன தயக்கம்?

இன்னொண்ணு, பணக்கார அரசு கொட்டிக் குடுத்தா பக்கத்து நாட்டுத் தொழில் அடி வாங்கும். 2023 தொடக்கத்துல ஐரோப்பிய ஆணையம் சொன்ன கணக்கே இருக்கு, நெருக்கடிக்காக அனுமதிச்ச அரசு உதவி 672 பில்லியன் யூரோ, அதுல 53 சதவீதம் ஜெர்மனியோடது, 24 சதவீதம் பிரான்ஸோடது. மீதி 25 நாடும் சேர்ந்து கால்பங்குக்கும் குறைவு. ஜெர்மனி முறையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துப் பாருங்க.

---

இன்சுலேஷன்

சின்னதா ஒண்ணு மட்டும். உதவி வாங்கற கம்பெனி எனர்ஜி ஆடிட் (எங்க எவ்வளவு எனர்ஜி வீணாகுதுன்னு ஒரு சோதனை) பண்ணணும்னு ஒரு வரி சேருங்க. பிரிட்டன்ல 2001ல இருந்தே துறை வாரியா ஒப்பந்தம் போட்டு, சிக்கன இலக்கை எட்டினா மட்டும் எரிசக்தி வரில தள்ளுபடின்னு நடத்திட்டு வர்றாங்க, அதனால இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்ல.

நான் ஆடிட் போற இடத்துல எல்லாம் முதல்ல பார்க்கறது மெஷின்களுக்குக் காத்தை அழுத்தி அனுப்பற கம்ப்ரஸரைத்தான். ஷிஃப்ட் முடிஞ்சு எல்லா மெஷினும் நின்னப்புறம் பத்து நிமிஷம் பக்கத்துல நின்னு கேளுங்க, யாருமே காத்து எடுக்கல, ஆனாலும் கம்ப்ரஸர் லோடு ஆகி நின்னு மறுபடி லோடு ஆகும். அவ்வளவும் லீக். கவனிக்காத லைன்ல 20, 30 சதவீதம் காத்து இப்படியே போகும். ஹோஸ் கிளாம்ப், ஜாயிண்ட் மாத்தறதுக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி, செய்யறதுக்கு ஆள்தான் இல்ல. சின்னவங்களுக்கு ஆடிட் செலவையும் அரசே ஏத்துக்கணும், அது இல்லாம நிபந்தனை மட்டும் போட்டா அவங்க உதவியே வேண்டாம்னு போயிருவாங்க.

---

சங்கச்செயலர்

எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டேன், ரொம்ப உபயோகமா இருக்கு. பழைய உபயோகத்தை அடிப்படையா வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா அதுல ஒரு முடிச்சு. போன வருஷம்தான் ஆரம்பிச்ச கம்பெனிக்குப் பழைய உபயோகமே கிடையாது. ஏற்கனவே சிக்கனம் பண்ணினவருக்கும் பழைய உபயோகம் கம்மியாத்தானே வரும், அவர் திரும்ப எந்திரிச்சு இதே கேள்வியைத்தான் கேப்பார். பில்கணக்கு சார், இதுக்கு?

---

பில்கணக்கு

சரியான இடத்துல பிடிச்சுட்டீங்க. ஜெர்மனிலயும் இதே சிக்கல்தான், பெரிய உபயோகஸ்தர்கள் நிறைய பேருக்கு 2021 உபயோகத்தை எடுத்தாங்க, அது கொரோனா பாதிப்பு இன்னும் தீராத வருஷம், அந்த வருஷம் பாதி நாள் மூடிக் கிடந்தவங்களுக்கு அடிப்படையே குறைஞ்சு போச்சு.

நான் எழுதினா இப்படி எழுதுவேன். ஒரே வருஷத்தைப் பிடிச்சுத் தொங்காம கடைசி மூணு வருஷத்துல எது அதிகமோ அதை எடுத்துக்கலாம்னு விடுங்க, மூடிக் கிடந்தவருக்கு அதுல வழி கிடைச்சுரும். உங்க சிக்கனக்காரருக்கும் அதுலயே பாதி தீர்ந்துரும், அவர் மோட்டார் மாத்தறதுக்கு முந்தின வருஷம் கணக்குல வந்துருமே. அதுக்கும் முன்னாடியே மாத்தினவங்களுக்கு, அந்தத் துறைல ஒரு டன் பொருளுக்கோ ஒரு கிலோ துணிக்கோ சராசரியா எத்தனை யூனிட்னு ஒரு அளவு வெச்சு, அவர் உற்பத்தியை அதால பெருக்கி அடிப்படையா குடுக்கலாம். சராசரியை விடக் கம்மியா எரிக்கறவருக்கு உண்மையான உபயோகத்தை விடக் கொஞ்சம் அதிகமாவே கிடைக்கும், கிடைக்கட்டும், அவர் முன்கூட்டியே போட்ட காசுக்கு அது நியாயம்தான். எந்த வருஷ உற்பத்தியைப் பெருக்கறதுன்னா முடிஞ்ச வருஷத்தோடதுதான், நடப்பு மாசத்தோடது வேண்டாம்.

புதுக் கம்பெனிக்கு முதல் மூணு மாச மீட்டர் ரீடிங்கை வெச்சு தற்காலிகமா ஒரு தொகை, வருஷக் கடைசில துறை சராசரியோட ஒப்பிட்டு நேர் பண்ணிக்கலாம். அதிகமா வாங்கியிருந்தா அடுத்த பில்லுகள்ல தவணையா கழியட்டும், மொத்தமா திருப்பிக் கேட்டா புது ஆள் அங்கயே படுத்துருவார்.

முடியற தேதியையும் முதல் நாளே எழுதிருங்க. தேதி மட்டும் போட்டா போதாது, ஹோல்சேல் விலை இந்த அளவுக்குக் கீழ இத்தனை மாசம் தொடர்ந்து இருந்தா படிப்படியா குறையும்னு போடுங்க. அப்பதான் வாடகைமீட்டர் சொன்ன உச்சத்துல சைன் பண்ணவங்களுக்கு அவங்க கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் தனியா நீட்டிக்கணும்னு கேக்க உங்களுக்கு இடம் இருக்கும். டிராஃப்ட் ரெடியானதும் இங்க போடுங்க சார், அந்தத் துறை சராசரி அட்டவணைக்கு நான் உக்காந்து உதவறேன்.